பழைய ப்ராசஸர ஓவர்கிளாக் பண்ணப் போறீங்களா? சித்திரை வெயில வச்சி கணக்குப் போடுங்க

இன்டெல்லோட பழைய ஐ5-2500கே ப்ராசஸர 4.8 ஜிகாஹெர்ட்ஸ்ல ஓட்டிக் காட்ற வீடியோ எக்கச்சக்கமா கெடக்கு. அந்த நம்பர அப்டியே எடுத்து உங்க மெஷின்ல போட்றாதீங்க. அந்த ஆளு ரூம்ல 20 டிகிரி இருக்கும். நாம மன்னார்குடியிலயோ பாபநாசத்துலயோ மாடி ரூம்ல, மொட்டை மாடி சூடு பூரா தலைக்கு மேல எறங்கிட்டிருக்க, கத்திரி நேரத்துல மத்தியானம் ரெண்டு மணிக்கு உக்காந்திருப்போம், ரூமே 38 டிகிரி காட்டும். இந்த வித்தியாசத்த கணக்குல சேத்துட்டா பழைய மெஷின ஓவர்கிளாக் பண்றது பெரிய ஆபத்தான வேலையெல்லாம் இல்ல, பொறுமையா பண்ற வேல, அவ்ளோதான்.

ஓவர்கிளாக்னா என்னன்னு கேக்குறவங்களுக்கு ஒரே வரியில சொல்லிர்றேன். கம்பெனி ப்ராசஸருக்கு குறிச்சிக் குடுத்த வேகத்துக்கு மேல அத ஓட வைக்கிறது. 2500கே குறிச்ச வேகம் 3.3 ஜிகாஹெர்ட்ஸ், அத 4.2ல ஓட்டுனா அதான் ஓவர்கிளாக். வேகம் வர்றது ரெண்டு நம்பர பெருக்கி, பேஸ் கிளாக் 100 மெகாஹெர்ட்ஸ், மல்டிப்ளையர் 33, ஆக 3300 மெகாஹெர்ட்ஸ், அதான் 3.3 ஜிகாஹெர்ட்ஸ். நாம தொடப் போறது அந்த மல்டிப்ளையர மட்டும்தான்.

உங்க மதர்போர்டுல முடியுமா?

சிபியு-இசட்னு ஒரு சின்ன சாஃப்ட்வேர், ஃப்ரீதான், எறக்கி ஓட்டுனா மொத டேப்ல ப்ராசஸர் பேரு, மெயின்போர்டு டேப்ல போர்டு பேரும், போர்ட நடத்துற சிப்செட் பேரும் வந்துரும். ரெண்டையும் பேப்பர்ல எழுதிக்கங்க.

இன்டெல்ல, 2011ல வந்த ரெண்டாவது தலைமுறைலேர்ந்து நாலாவது தலைமுறை வரைக்கும், மாடல் நம்பர் கடைசில 'கே' இருக்கணும், 2500கே, 2600கே, 3570கே, 3770கே, 4670கே, 4790கே இந்த மாதிரி. போர்டு சிப்செட்டும் பி67, இசட்68, இசட்75, இசட்77, இசட்87, இசட்97 இதுல ஒண்ணா இருக்கணும், அந்த சிப்புக்குப் பொருந்துற சாக்கெட்டும் (சிப்ப உக்கார வைக்கிற எடம்) இருக்கணும். சிப்பு, போர்டு ரெண்டுல எது ஒத்து வரலன்னாலும் வேல நடக்காது. நம்ம பக்கம் அதிகமா கண்ணுல படுறது எச்61 போர்டு, அதுல 2600கே-யே மாட்டுனாலும் மல்டிப்ளையர் ஏறாது. பி75, எச்77க்கும் அதே கதிதான்.

'கே' இல்லாத ஆளுங்களுக்கு ஒரு சின்ன சந்து இருக்கு, நெறைய பேருக்குத் தெரியாது. ஐ5-2400, ஐ5-3470 மாதிரி டர்போ (தேவைப்படுறப்ப தானாவே வேகத்த ஏத்திக்கிற வசதி) இருக்குற சிப்ப பி67, இசட்68, இசட்77 போர்டுல போட்டா, டர்போ வேகத்துக்கு மேல 4 படி வரைக்கும் (ஒரு படி 100 மெகாஹெர்ட்ஸ்) ஏத்த விடும். 2400க்கு டர்போ 3.4, ஏத்துனா 3.8. அதுவும் சிப்புக்குள்ள இருக்குற நாலு கோர்ல (தனித்தனியா கணக்குப் போடுற பகுதி) ஒண்ணு மட்டும் வேல செய்றப்பதான், நாலு கோரும் ஓடுனா அதவிட கொஞ்சம் கம்மியாதான் நிக்கும். நாலாவது தலைமுறையில அந்த சந்தையும் அடச்சிட்டாங்க. அந்தக் கால ஐ3ல டர்போவே கெடையாது, அதனால ஒண்ணும் பண்ண முடியாது. விதிவிலக்குன்னா 2014ல வந்த பென்டியம் ஜி3258, ரெண்டே கோரு, ஆனா மல்டிப்ளையருக்குப் பூட்டு இல்லாத சிப்பு.

ஆபீஸ்லேர்ந்து கழிச்சி விட்டு, ரீஃபர்பிஷ்டுன்னு விக்கிற டெல், எச்பி டெஸ்க்டாப் வாங்கியிருந்தீங்கன்னா அதோட பயாஸ்ல (விண்டோஸ் ஏறுறதுக்கு முன்னாடி வர்ற போர்டு செட்டிங்) இந்த ஆப்ஷனே இருக்காது. தேடித் தேடி கண்ணு வலிக்க வேணாம்.

ஏஎம்டி ஆளுங்களுக்கு சந்தோஷம். எஃப்எக்ஸ் சீரிஸ் பூரா பூட்டு இல்லாதது, ஃபெனம் 2ல 'பிளாக் எடிஷன்'னு போட்டது எல்லாம் அப்டித்தான், ரைசன்ல பெரும்பாலும் அப்டித்தான், ஆனா ரைசனுக்கு பி350, எக்ஸ்370 மாதிரி போர்டு வேணும், ஏ320 போர்டுல முடியாது. அதுக்கும் முன்னாடி கோர் 2 டியோ, கோர் 2 குவாட் வச்சிருக்கவங்களுக்கு வேற வழி, கடைசியில சொல்றேன்.

இன்னொண்ணு. 2011 ஆரம்பத்துல வந்த பி67, எச்67 போர்டுல ஒரு கோளாறு இருந்துச்சி, அந்த ஜனவரி 31ந்தேதி இன்டெல்லே அத வெளிய சொல்லி சப்ளைய நிறுத்துனாங்க. டிஸ்க் மாட்டுற 3 ஜிபிபிஎஸ் சாட்டா போர்ட்டுங்க நாளாவட்டத்துல பழுதாவும்னு. சரி பண்ணி வந்தது பி3ன்னு குறிப்போட வந்துச்சி. செகண்ட் ஹேண்ட்ல பழைய பி67 வாங்கிட்டீங்கன்னா டிஸ்க்க 6 ஜிபிபிஎஸ் போர்ட் ரெண்டுல மட்டும் மாட்டுங்க, அதுக்கு அந்தக் கோளாறு கெடையாது.

இதுல என்ன கெடைக்கும்

கும்பகோணத்துல கல்யாண ஆல்பம் பண்ற ஸ்டுடியோ அண்ணன் ஒருத்தரு கேட்டாரு, "தம்பி, ஃபோட்டோஷாப் தொறக்கவே ஒரு டீ குடிச்சிட்டு வந்துரலாம்போல இருக்கு, இத ஓவர்கிளாக் பண்ணா சரியாயிருமாப்பா?" "அண்ணே, உள்ள இன்னும் ஹார்ட் டிஸ்க்குதான் ஓடுது, மொதல்ல எஸ்எஸ்டி போடுங்க, அப்பறம் பேசுவோம்"னேன். எல்லாருக்கும் அதே பதில்தான். ஹார்ட் டிஸ்க்கு ஓடுற மெஷின், ஒத்த ரேம் ஸ்டிக்கு மாட்டுன மெஷின் ரெண்டுக்கும் ஓவர்கிளாக் மருந்து இல்ல. எஸ்எஸ்டியும், ஜோடி ரேமும் போட்டதுக்கப்பறம் ப்ராசஸர்தான் மூச்சு வாங்குதுன்னா, அதாவது வீடியோ ரெண்டர் பண்றப்ப டாஸ்க் மேனேஜர்ல நாலு கோரும் நூத்துக்கு நூறு காட்டுதுன்னா, அப்ப ஏத்துறதுல அர்த்தம் இருக்கு. 2500கே-வ நாலு கோரும் 3.4ல ஓடுறதுலேர்ந்து 4.2க்கு கொண்டு போனா ஏறக்குறைய கால்வாசி வேகம் கூடும். ஒரு மணி நேரம் ஓடுன ரெண்டர் ஐம்பது நிமிஷத்துக்குள்ள முடியும். அவ்ளோதான், புது மெஷின் ஆயிராது. விண்டோஸ் 11க்கு இந்தப் பழைய சிப்பெல்லாம் அதிகாரபூர்வ லிஸ்ட்டுலயே இல்ல, விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சிருச்சி, இதயும் மனசுல வச்சிக்கிட்டு எவ்ளோ காசு போடுறதுன்னு முடிவு பண்ணுங்க. கூலருக்கு செலவு பண்ணலாம், இதுக்காகவே போர்டு தேடி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு பஸ் ஏறுறது எனக்கு சரியாப் படல.

கேபினட்டத் தொறங்க

பயாஸுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஸ்க்ரூ டிரைவர். பத்து வருஷம் ஓடுன மெஷினுக்கு மொத வைத்தியம் இதான்.

தை மாசி அறுப்பு முடிஞ்ச கையோட தொறந்து பாத்தீங்கன்னா தெரியும். ப்ராசஸர் சூட்ட வாங்குற ஹீட்சிங்க் தகடுக்கும் ஃபேனுக்கும் நடுவுல பதரும் தூசியும் சேந்து ஒரு கம்பளி விரிச்ச மாதிரி படிஞ்சிருக்கும், ஃபேன் ஓடும், ஆனா காத்து ஒரு சொட்டு கீழ எறங்காது. ரைஸ் மில் பக்கத்துல வீடு இருந்தா தவுட்டுப் பொடி வேற, அது எண்ணெப் பசையோட இருக்கும், ப்ளோயர் அடிச்சா மட்டும் போவாது, ஃபேன கழட்டி பிரஷ்ஷால தேய்க்கணும். ப்ளோயர் அடிக்கிறப்ப ஃபேன் எறக்கைய ஒரு விரலால புடிச்சிக்கங்க, கன்னாபின்னான்னு சுத்த விடாதீங்க, பேரிங் போயிரும். போர்டு மேல பல்லி முட்ட, எறும்புப் புத்து இருந்தா அதையும் பாத்து எடுங்க, சிரிக்காதீங்க, பல்லி குறுக்க படுத்து ஷார்ட் ஆன போர்டெல்லாம் சர்வீஸுக்கு வரும்.

கூலர கழட்டுங்க. சிப்புக்கும் கூலருக்கும் நடுவுல சூட்டக் கடத்துற பழைய பேஸ்ட்டு காஞ்சி பவுடரா உதிரும். ஐசோப்ரொபைல் ஆல்கஹால் மொபைல் சர்வீஸ் கடைக்காரங்ககிட்ட இருக்கும், கொஞ்சம் வாங்கி, பஞ்சு இல்லாத துணியில நனச்சி சிப்பு மேலயும் கூலர் அடியிலயும் பளிச்சுன்னு தொடைங்க. புது பேஸ்ட்டு எவ்ளோ வைக்கணும்னு கேட்டா உலகம் பூரா அரிசி அளவுங்கறான். எந்த அரிசின்னு ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கறான். பொன்னி அரிசி ரெண்டு மணிய சேத்து வச்ச அளவு, நடுவுல, அவ்ளோ போதும், கூலர் அழுத்துறப்ப அதுவே பரவிரும்.

இன்டெல் பெட்டியோட வந்த கூலர வச்சிக்கிட்டு ஓவர்கிளாக் பண்ணாதீங்க. இதுல எனக்கு ரெண்டு பேச்சே இல்ல. ஹீட் பைப் வச்ச, 120 எம்எம் ஃபேன் உள்ள டவர் கூலர், கூலர் மாஸ்டர் ஹைப்பர் 212 மாதிரி, ஒண்ணு மாட்டுங்க. மாட்றப்ப ஒரு பக்க ஸ்க்ரூவ முழுசா முறுக்கிட்டு அடுத்த பக்கம் போகாம, எதிரெதிர் மூலையா கொஞ்சம் கொஞ்சமா முறுக்கிட்டு வாங்க.

அப்டியே போர்ட்ல ப்ராசஸர சுத்தி இருக்குற கெப்பாசிட்டருங்கள டார்ச் அடிச்சிப் பாருங்க. தலை தட்டையா இருக்கணும். ஒண்ணு உப்பியிருந்தாலும், அடியில பழுப்பா கசிஞ்சிருந்தாலும் இந்த வேலைய இதோட விட்டுருங்க, அந்த போர்டு குறிச்ச வேகத்துலயே எத்தன நாளுக்கோ. அந்த கெப்பாசிட்டருக்கு 10 டிகிரி சூடு கூடுனா ஆயுசு பாதியாவும்னு எலக்ட்ரானிக்ஸ்காரங்க ஒரு கணக்கு வச்சிருக்காங்க, நம்ம ஊரு வெயிலுக்கு அது ஏற்கனவே அனுபவிச்சிருக்கும். அதே எடத்துல விஆர்எம்னு சொல்ற, ப்ராசஸருக்கு கரண்ட்ட பதமாக்கிக் குடுக்குற சின்னச் சின்ன கறுப்பு சிப்புங்க இருக்கும், அது மேல ஹீட்சிங்க் இருக்கான்னு பாருங்க. இல்லாத போர்டுன்னா ஆசைய பாதியா குறைச்சிக்கங்க.

கரண்ட் விஷயம்

டெல்டாக்காரங்க இத தாண்டிப் போகாதீங்க. வோல்டேஜையும் வேகத்தையும் ஏத்துனா ப்ராசஸர் இழுக்குற பவர் எப்டி ஏறும்னா, வேகம் எவ்ளோ மடங்கோ அவ்ளோ, அதோட வோல்டேஜ் ஏறுன மடங்க ரெண்டு தடவ பெருக்கணும். 3.3லேர்ந்து 4.2, 1.2 வோல்ட்லேர்ந்து 1.3 வோல்ட், போட்டுப் பாருங்க, ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வரும். 95 வாட்னு குறிச்ச சிப்பு 140 பக்கம் போகும். வேகம் கால்வாசிதான் கூடுச்சி, சூடு பாதி கூடிருச்சி.

மெஷினுக்கு கரண்ட் குடுக்குற பெட்டி, எஸ்எம்பிஎஸ், அது மேல '450 வாட்'னு பெருசா போட்டிருக்கறத நம்பாதீங்க. பக்கத்துல ஒட்டியிருக்குற லேபிள்ல 12 வோல்ட் வரிசையில எத்தன ஆம்பியர்னு பாருங்க. 18 ஆம்பியர்னா 12ஆல பெருக்குங்க, 216 வாட், ப்ராசஸருக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் சேத்து அவ்ளோதான் உண்மையில கெடைக்கும். 75 வாட் இழுக்குற சின்ன கார்டு வச்சிருந்தாலே ஓவர்கிளாக் பண்ண ப்ராசஸரோட சேந்து அந்த எல்லைய தொட்டுரும். 12 வோல்ட்ல 25 ஆம்பியருக்கு மேல குடுக்குற, பேரு தெரிஞ்ச கம்பெனி எஸ்எம்பிஎஸ் இருந்தா நிம்மதி.

வயல்ல மோட்டார் ஓடுற நேரம் லைட்டு மங்குற வீடா உங்களுது? அப்ப சோதனைய அந்த நேரத்துல ஒரு தடவ ஓட்டிப் பாருங்க. ராத்திரி பதினொரு மணிக்கு அழகா நிக்கிற மெஷின் சாயங்காலம் லோ வோல்டேஜ்ல, யூபிஎஸ் டிக் டிக்குன்னு ரிலே அடிச்சிக்கிட்டிருக்கப்ப ரீஸ்டார்ட் ஆவும், ப்ராசஸர் சரியில்லன்னு நெனச்சி நாம வோல்டேஜ ஏத்திக்கிட்டே போவோம், கோளாறு செவுத்துல இருக்கும். சாதாரண 600 விஏ யூபிஎஸ் தாங்குறது பெரும்பாலும் 360 வாட், மானிட்டரையும் சேத்து கணக்குப் பாத்துக்கங்க, முழு லோடுல கரண்ட்ட ஒரு தடவ ஆஃப் பண்ணி யூபிஎஸ் புடிச்சிக்குதான்னு பாத்துருங்க.

கேபினட்ல கை வச்சா விர்ருன்னு அடிக்குதுன்னா எர்த் இல்லன்னு அர்த்தம். எலக்ட்ரீஷியன கூப்ட்டு அத மொதல்ல சரி பண்ணுங்க, ஓவர்கிளாக்க அடுத்த வாரம் பாத்துக்கலாம்.

போர்டு மேல இருக்குற சிஆர்2032 பேட்டரிய, வட்டமா காசு மாதிரி இருக்குமே, புதுசா மாத்திருங்க. அது செத்திருந்தா ஒவ்வொரு தடவ கரண்ட் போறப்பவும் தேதி பழசாயிரும், வெப்சைட் எல்லாம் பாதுகாப்பு இல்லன்னு கத்தும், நீங்க போட்ட ஓவர்கிளாக் செட்டிங்கும் காணாம போயிரும்.

பயாஸ் அப்டேட்? இப்ப இருக்குறது ஒழுங்கா ஓடுனா தொடாதீங்க. இந்த மொத்த வேலையிலயே போர்ட நெஜமா சாகடிக்கிற வாய்ப்பு இருக்குறது அப்டேட் பாதியில கரண்ட் போறதுலதான். 6 சீரிஸ் போர்டுல மூணாவது தலைமுறை சிப்ப மாட்டணும்னா மட்டும் அப்டேட் வேணும், அத யூபிஎஸ்ல வச்சி பண்ணுங்க.

இப்ப இருக்குற நெலமைய எழுதிக்கங்க

சூடு, வோல்டேஜ் எல்லாம் காட்டுற எச்டபிள்யூ இன்ஃபோ சாஃப்ட்வேர எறக்குங்க, சென்சார் மட்டும் தொறங்க. ப்ராசஸர முழு லோடுல ஓட்டி சோதிக்கிற பிரைம்95 எறக்கி 'ஸ்மால் எஃப்எஃப்டி' டெஸ்ட்ட 15 நிமிஷம் ஓட்டுங்க. இது சாதாரண வேலையில வர்றதவிட அதிகமா சூட்ட கெளப்புற டெஸ்ட், அதுக்குத்தான் வேணும். மூணு நம்பர எழுதுங்க: ரூம் சூடு (ஒரு சாதா தெர்மாமீட்டர் வாங்கி டேபிள்ல வைங்க), அதிகமா காட்டுன கோர் சூடு, லோடுல காட்டுன வீகோர் (ப்ராசஸர் கோருக்குப் போற) வோல்டேஜ்.

இப்பதான் நம்ம கணக்கு. கூலரும் ஃபேனும் மாறாத வரைக்கும் ரூம் சூட்டுக்கு மேல ப்ராசஸர் எவ்ளோ ஏறுதோ அந்த வித்தியாசம் ஏறக்குறைய அப்டியே இருக்கும். மார்கழியில ரூம் 25, கோர் 75ன்னா வித்தியாசம் 50. அதே செட்டிங்ல மே மாசம் ரூம் 38 ஆவுறப்ப கோர் 88. உண்மையில சிப்பு சூடாக ஆக கரண்ட் கசிவு கூடுறதால அதுக்கு மேலயும் கொஞ்சம் போகும். 2500கே 98 டிகிரியில தானா வேகத்த குறைச்சிக்கும், 3570கே 105ல. அந்த எல்லை வரைக்கும் போலாம்னு அர்த்தம் இல்ல. நான் சொல்ற எல்லை, கத்திரி மத்தியானம் பிரைம்95ல 82. அப்டின்னா உங்களுக்கு மிஞ்சுற வித்தியாசம் 44 டிகிரி. மார்கழியில சோதிக்கிறீங்கன்னா 69ஓட நிறுத்தணும். 69 பாக்க பாவமா இருக்கும், இன்னும் எவ்ளோ எடமிருக்குன்னு கை துறுதுறுங்கும். துறுதுறுக்கட்டும்.

பயாஸுக்குள்ள

ஆன் பண்ண ஒடனே டெலிட் கீய தட்டிக்கிட்டே இருந்தா பயாஸ் தொறக்கும், சில போர்டுல எஃப்2. முக்கியமான ஃபைல எல்லாம் வெளி டிஸ்க்குல காப்பி எடுத்துட்டீங்கல்ல? ஸ்டேபிள் இல்லாத மெஷின்ல விண்டோஸ் ஃபைல் கெட்டுப் போறது சகஜம், ஆல்பம் போச்சின்னு கல்யாண வீட்ல போயி நிக்க முடியாது.

மொதல்ல 'லோட் ஆப்டிமைஸ்ட் டீஃபால்ட்ஸ்' குடுங்க, ஆனா சாட்டா மோடு ஏற்கனவே ஏஎச்சிஐயா ஐடிஇயான்னு பாத்து வச்சிக்கங்க, அது மாறுனா விண்டோஸ் ஏறாம நிக்கும். ரேம குறிச்ச வேகத்துலயே விடுங்க, டிடிஆர்3னா 1333 இல்ல 1600, வோல்டேஜ் 1.5. ரேமையும் சேத்து ஏத்துனா எது தப்பு பண்ணுதுன்னு கண்டுபுடிக்கவே முடியாது. பேஸ் கிளாக்க 100லயே வைங்க. ரெண்டாவது தலைமுறைலேர்ந்து சாட்டா, யூஎஸ்பி, பிசிஐ எக்ஸ்பிரஸ் எல்லாம் அதே கிளாக்லதான் தொங்குது, 105 தாண்டுறதுக்குள்ள மெஷின் கோணல்மாணல் பண்ணும்.

'சிபியு ரேஷியோ'வ, அதான் மல்டிப்ளையர, எல்லா கோருக்கும் 40ன்னு வைங்க. வோல்டேஜ 'ஆட்டோ'வுல விடாதீங்க, ஆட்டோன்னா போர்டு பயந்துபோயி தேவைக்கு மேல அள்ளி ஊத்தும். 'மேனுவல்'னு மாத்தி, நீங்க எழுதி வச்ச லோடு வோல்டேஜவிட ஒரு பொட்டு மேல, 1.22, 1.23 பக்கம் வைங்க. 'லோடுலைன் கேலிபிரேஷன்'னு ஒண்ணு இருக்கும், லோடு வர்றப்ப வோல்டேஜ் சரியுறத தாங்கிப் புடிக்கிறது, நடு லெவல்ல வைங்க, உச்சத்துல வச்சா லோடு விடுற அந்த நொடியில வோல்டேஜ் எகிறும். 'ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரம்' ஆஃப். ஸ்பீட்ஸ்டெப், சி1இ ரெண்டும் ஆன்லயே இருக்கட்டும், சும்மா இருக்கப்ப 1.6க்கு எறங்கி ப்ராசஸர் ஆறும், பழைய கைடெல்லாம் அத ஆஃப் பண்ணச் சொல்லும், கேக்காதீங்க. 'இன்டர்னல் பிஎல்எல் ஓவர்வோல்டேஜ்' நம்ம வேகத்துக்குத் தேவையில்ல, அத ஆன் பண்ணா தூங்குன மெஷின் எழுந்திரிக்காம அடம்புடிக்கும். மத்த வோல்டேஜ் எதையும் தொடாதீங்க, பேரு புரியலன்னா அது உங்களுக்கு இல்ல.

எஃப்10, சேவ். விண்டோஸ் வந்ததும் பிரைம்95 பதினஞ்சு நிமிஷம், கண்ணு எச்டபிள்யூ இன்ஃபோ மேல. உங்க எல்லையத் தொட்டா ஒடனே நிறுத்துங்க. எல்லைக்குள்ள நின்னா ரேஷியோ 41, திரும்ப டெஸ்ட்டு. 42. ஒவ்வொரு படியிலயும் ரேஷியோ, வோல்டேஜ், சூடு, நின்னுச்சா விழுந்துச்சான்னு அதே பேப்பர்ல எழுதுங்க, மூணாவது படிக்கு மேல ஞாபகம் எல்லாம் குழம்பிரும்.

விழுறப்ப எப்டி விழுதுன்னு பாக்கணும். பிரைம்95ல ஒரு ஒர்க்கர் (கோருக்கு ஒண்ணா ஓடுற டெஸ்ட்டு) மட்டும் ரவுண்டிங் எரர் காட்டி நின்னு மத்தது ஓடுனா, அந்த கோருக்கு வோல்டேஜ் ஒரு துளி பத்தல, 0.01 ஏத்துங்க. ப்ளூ ஸ்கிரீன் வந்து கோடு 101ன்னு முடிஞ்சா பெரும்பாலும் வீகோர் கம்மி, 124ன்னு முடிஞ்சாலும் மொதல்ல சந்தேகப்பட வேண்டியது அதத்தான். ப்ளூ ஸ்கிரீனே வராம பட்டுன்னு ஆஃப் ஆனா எஸ்எம்பிஎஸ், யூபிஎஸ், இல்ல சூடு. மெஷின் ஒழுங்கா ஓடுற மாதிரியே இருக்கும், ஆனா ஈவென்ட் வியூவர்ல சிஸ்டம் லாக்ல டபிள்யூஎச்இஏ-லாகர், ஐடி 19ன்னு வரிசையா மஞ்ச முக்கோணம் நிக்கும். அது ப்ராசஸர் தப்பு பண்ணி தானே திருத்திக்கிட்ட கணக்கு, ஸ்டேபிள்னு ஏமாந்துறாதீங்க.

எங்க நிறுத்தணும்? 2500கே, 2600கேக்கு பெரும்பாலும் 4.2, 4.3 வரைக்கும் 1.3 வோல்ட்டுக்குள்ள வந்துரும். அதுக்கு மேல ஒவ்வொரு 100 மெகாஹெர்ட்ஸுக்கும் கேக்குற வோல்டேஜ் கூடிக்கிட்டே போகும், அந்த எடம் பேப்பர்ல எழுதுன நம்பர்லயே கண்ணுக்குத் தெரியும், 41லேர்ந்து 42க்கு 0.01 கேட்டது 44க்கு 0.04 கேக்கும். அங்கதான் பிரேக். எந்த நெலமையிலும் 1.35 தாண்டாதீங்க. 3570கே, 3770கே இன்னும் கொஞ்சம் ஜாக்கிரதை, 22 நானோமீட்டர்ல சின்ன சிப்பு, மேல் மூடிக்கும் சிப்புக்கும் நடுவுல முந்தின தலைமுறை மாதிரி ஈயப்பத்து இல்லாம பேஸ்ட்டுதான் வச்சிருக்காங்க, சூடு வெளிய வர லேட்டாவும். அதுக்கு 1.25 போதும்னு வச்சிக்கங்க. நாலாவது தலைமுறைக்கும் அதே.

நம்பர் முடிவானதும் பிரைம்95 'ப்ளென்ட்' டெஸ்ட்ட ராத்திரி பூரா ஓட விடுங்க, மறுநாள் மத்தியானம் ஸ்மால் எஃப்எஃப்டி ஒரு மணி நேரம். அப்பறம் உங்க நெஜ வேலை, ரெண்டரோ கேமோ, ஒரு வாரம். அதுலயும் நின்னா மேனுவல் வோல்டேஜ 'ஆஃப்செட்' முறைக்கு மாத்திக்கலாம், சும்மா இருக்கப்ப வோல்டேஜும் சேந்து எறங்கும்.

மெஷின் ஆன் ஆவலன்னா

பதறாதீங்க. ஃபேன் சுத்தும், ஸ்கிரீன் வராது, இல்லன்னா ஆன் ஆகி ஆன் ஆகி ஆஃப் ஆவும். பாதி போர்டு ரெண்டு மூணு தடவைக்கு அப்பறம் தானாவே பழைய செட்டிங்குக்கு வந்துரும். வரலன்னா பிளக்க புடுங்கிட்டு, பவர் பட்டன ஒரு பத்து செகண்டு அமுக்கி மிச்ச கரண்ட்ட வடிய விட்டு, அந்த வட்ட பேட்டரிய கழட்டி அஞ்சு நிமிஷம் வச்சி திரும்ப மாட்டுங்க. போர்டுல 'கிளியர் சிமாஸ்'னு ரெண்டு மூணு பின் உள்ள ஜம்பர் இருந்தா பிளக் புடுங்குன நெலமையில அத ஷார்ட் பண்ணாலும் அதே வேலதான். எல்லாம் டீஃபால்ட்டுக்கு வந்துரும், சாட்டா மோட மட்டும் திரும்ப பாத்துக்கங்க.

மத்த சிப்பு வச்சிருக்கவங்க

கோர் 2 காலத்து சிப்புல பெரும்பாலும் மல்டிப்ளையர் மேல ஏறாது, எஃப்எஸ்பிய, அதாவது அந்தக் கால பேஸ் கிளாக்க, ஏத்தணும். கியூ6600ன்னா 266 பெருக்கல் 9, ஆக 2.4. எஃப்எஸ்பிய 333 ஆக்குனா 3.0. அதோட ரேம் வேகமும் சேந்து ஏறும், அதனால ரேம் ரேஷியோவ எறக்கி ரேம அதோட குறிச்ச வேகத்துக்குள்ள நிறுத்தணும், பிசிஐ எக்ஸ்பிரஸ் கிளாக்க 100ல பூட்டணும். ஜி31, ஜி41 போர்டுல பெருசா எதிர்பாக்காதீங்க.

எஃப்எக்ஸ் வச்சிருக்கவங்க வழி 2500கே மாதிரியேதான், மல்டிப்ளையர். ஆனா 8350 குறிச்ச வேகத்துலயே 125 வாட், அத ஹீட்சிங்க் இல்லாத விஆர்எம் போர்டுல வச்சி ஏத்துறது போர்ட அடுப்புல வைக்கிறதுதான், நம்ம வெயிலுக்கு நான் வேணாம்னே சொல்வேன். எஃப்எக்ஸ்ல சூட்டோட எல்லையும் கீழ, 60 பக்கம் நிறுத்திரணும். சும்மா இருக்கப்ப கோர் சூடு ரூமவிட கம்மியா காட்டும், சென்சார் அப்டி, லோடுல காட்டுறதத்தான் பாக்கணும். மொத தலைமுறை ரைசன், 1.35 வோல்ட், 3.8, அதுக்கு மேல மெனக்கெட வேணாம்.

சீசனுக்கு ரெண்டு ப்ரொஃபைல்

நெறைய போர்டு பயாஸ்ல செட்டிங்க ப்ரொஃபைலா சேவ் பண்ற வசதி இருக்கு. ரெண்டு போட்டு வைங்க. ஒண்ணு கார்த்திகைலேர்ந்து மாசி வரைக்கும், 4.3. இன்னொண்ணு பங்குனிலேர்ந்து ஆவணி வரைக்கும், 4.0, வோல்டேஜும் அதுக்குத் தக்க கம்மி. மேட்டூர் தண்ணி வந்து வயலெல்லாம் நெறஞ்சாலும் மத்தியான வெயிலு ஒடனே தணியாது, தெர்மாமீட்டர பாத்து மாத்துங்க, காலண்டர பாத்து மாத்தாதீங்க.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடலோரத்துல இருக்கவங்க மழைக்காலத்துல மெஷின ரொம்ப நாளு ஆஃப் பண்ணிப் போடாதீங்க, உப்புக் காத்துல ரேம் கோல்டு பின்னுலயே பச்ச பூக்கும், தெனம் கொஞ்ச நேரம் ஓடுனா உள்ள ஈரம் தங்காது. பூத்திருந்தா ரேம கழட்டி அதே ஆல்கஹால்ல தொடச்சி மாட்டுங்க, ஓவர்கிளாக்க கொறை சொல்றதுக்கு முன்னாடி.

ரெண்டு மூணு வருஷம் நல்லா ஓடுன செட்டிங் திடீர்னு ப்ளூ ஸ்கிரீன் போட ஆரம்பிச்சா மொதல்ல தூசி, அப்பறம் பேஸ்ட்டு, அப்பறம் எஸ்எம்பிஎஸ் பாருங்க. மூணும் சரியா இருந்தா சிப்பு தேய்ஞ்சிருக்கு, அதே வேகத்துக்கு இப்ப கூட வோல்டேஜ் கேக்குது. குடுக்காதீங்க, ரேஷியோவுல ஒண்ணு கொறச்சிட்டு ஓட்டுங்க.